சாலையோரத்துப் பொருள்களும் இரவுப் பயணமும்

(ஊராட்சி உறுப்பினர்களும் விவசாயிகளும் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் மிகச் சிறியதாகத் தோன்றலாம். சாலையின் ஓரத்தில் அசையாமல் நிற்பவற்றைப் பற்றியது அது. கன்டெய்னர் ஏற்றிய டிரெய்லர், சரக்கை இறக்கிவிட்டு நிற்கும் வெறும் டிரெய்லர், இரும்புக் குப்பைத் தொட்டி, ஜல்லிக் குவியல், காயும் நெல்லைச் சுற்றி அடுக்கிய கருங்கற்கள் ஆகிய இவை பகலில் எவருக்கும் பெரிய தீங்கு செய்வதில்லை. பொழுது சாய்ந்ததும் இவற்றின் குணம் மாறிவிடுகிறது.

இராயபுரம் முதல் காட்டுப்பள்ளி வரையுள்ள கடற்கரைப் பகுதியில் வாழ்வோருக்கு இதை விரித்துச் சொல்ல வேண்டுவதில்லை. 1983ஆம் ஆண்டில் சென்னைத் துறைமுகத்தில் கன்டெய்னர் முனையம் திறக்கப்பட்டது. 2001இல் எண்ணூரில் மற்றொரு துறைமுகம் இயங்கத் தொடங்கியது. 2014 முதல் அது காமராசர் துறைமுகம் என வழங்குகிறது. அதற்கு வடக்கே காட்டுப்பள்ளித் துறைமுகமும் வந்து சேர்ந்தது. இம்மூன்றுக்கும் போய்வரும் டிரெய்லர்கள் எண்ணூர் விரைவுச் சாலையிலும், மணலிச் சாலைகளிலும், திருவொற்றியூர்–பொன்னேரி–பஞ்செட்டிச் சாலையிலும் இரவு பகலாக ஓடுகின்றன. ஓடுகின்றவை ஓரிடத்தில் நிற்கவும் வேண்டுமல்லவா? துறைமுக வாயிலில் தாள்கள் சரிபார்க்கப்படும் வரை வண்டி காத்திருக்கிறது. ஓட்டுநருக்கு உறக்கம் வேண்டும். டயர் வெடித்தால் மாற்ற வேண்டும். நிறுத்துமிடம் போதாதபோது சாலையின் ஓரமே நிறுத்துமிடமாகிறது. ஓட்டுநரை மட்டும் குறை கூறுவதில் நமக்குச் சம்மதம் இல்லை. வீட்டைவிட்டு ஐந்தாறு நாட்களாக வண்டியிலேயே உண்டு உறங்கும் அம்மனிதர் வேறெங்கே போவார்?

ஆனால் அதே சாலையில் விடியற்காலை மூன்று மணிக்குக் காசிமேட்டு மீன் ஏலத்திற்குப் பெண்கள் ஆட்டோவில் போகின்றனர். அனல் மின் நிலையத்திலும் தொழிற்சாலைகளிலும் இரவு வேலை முடித்தவர்கள் தூக்கக் கலக்கத்துடன் மோட்டார் சைக்கிளில் திரும்புகின்றனர். கீரைக்கட்டுகளை ஏற்றிக்கொண்டு நம்முடைய விவசாயிகளும் போகின்றனர். இவர்களுக்கு ஏற்படும் அபாயத்தைக் கணக்காகவே பார்த்துவிடலாம்.

மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு வினாடியில் ஏறத்தாழ 14 மீட்டர் கடந்துவிடும். எதிரே ஏதோ இருக்கிறது என்று கண்டு, மனம் உணர்ந்து, கை பிரேக்கை அழுத்துவதற்கு ஒன்றரை வினாடியாவது ஆகும். அதற்குள் 21 மீட்டர் போய்விடுகிறது. பிறகு வண்டி நிற்க மேலும் 15 மீட்டர் தேவை. ஈரச் சாலையானால் இன்னும் கூடும். ஆக 36 மீட்டர். தாழ்த்திய விளக்கொளியில் கருத்த நிறமுள்ள பொருளைக் கண் கண்டுகொள்வதும் ஏறக்குறைய அத்தனை தூரத்தில்தான். எதிரே வரும் லாரியின் விளக்கு கண்ணைக் கூசச் செய்தால் அந்தத் தூரமும் இல்லை.

இவற்றுள் மிகக் கொடியது வெறும் டிரெய்லர். கன்டெய்னர் ஏற்றியிருந்தால் ஒரு சுவராவது தெரியும். இறக்கிய பின்னர் மிஞ்சுவது ஓர் ஆளின் மார்பு உயரத்தில் நீண்டு கிடக்கும் இரும்புத் தட்டு மட்டுமே. அதன் அடியில் வெளி தெரிகிறது, மேலேயும் வெளி தெரிகிறது. ஆகையால் சாலை காலியாக இருப்பதாகவே கண் ஏமாறுகிறது.

இனிச் சட்டம் கூறுவதைப் பார்ப்போம். 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தில் 122ஆம் பிரிவு, பிறருக்கு அபாயமோ இடையூறோ உண்டாகும்படி வாகனத்தைப் பொது இடத்தில் விட்டுவைக்கலாகாது என்கிறது. 127ஆம் பிரிவின்படி, 10 மணி நேரமோ அதற்கு மேலோ கவனிப்பாரற்று விடப்பட்ட வாகனத்தை இழுத்துச் செல்லச் சீருடையிலுள்ள காவல் அதிகாரி உத்தரவிடலாம். 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 104ஆவது விதி, ஒளியைத் திருப்பி அனுப்பும் பட்டைகளைப் பற்றியது. சரக்கு வாகனங்களில் முன்புறம் வெள்ளை, பக்கங்களில் மஞ்சள், பின்புறம் சிவப்பு என்று அதை நினைவில் வைத்துக்கொள்ளலாம். சட்டத்தின் கண்ணில் டிரெய்லரும் ஒரு மோட்டார் வாகனமே.

அப்படியானால் குப்பைத் தொட்டி? அது வாகனம் ஆகாது. ஆகையால் மேற்சொன்ன சட்டத்தில் அதற்கு இடமில்லை. அதற்குப் பொருந்துவது பொதுவான குற்றச் சட்டம். தன் வசமோ தன் பொறுப்பிலோ உள்ள ஒரு பொருளைச் சீராக வைக்கத் தவறி, அதனால் பொதுவழியில் எவருக்கேனும் அபாயமோ தடையோ காயமோ விளைவிப்பது குற்றம் என்று 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம் 283ஆம் பிரிவில் கூறியது. அதற்கு அபராதம் 200 ரூபாய் வரை. அந்தத் தொகை 2024ஆம் ஆண்டு வரை மாறவேயில்லை! அவ்வாண்டு ஜூலை முதல் நாள் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சம்ஹிதையின் 285ஆம் பிரிவில் அதே குற்றத்திற்கு அபராதம் 5,000 ரூபாய் வரை உயர்ந்துள்ளது. ‘தன் பொறுப்பிலுள்ள பொருள்’ என்னும் சொற்களை ஊராட்சியினர் ஊன்றிக் கவனிக்க வேண்டும். தொட்டியை வாங்கி வைத்தவர் யார்? நாமேதான்.

பிரிட்டனில் இதை மேலும் தெளிவாக எழுதி வைத்திருக்கிறார்கள். அங்கே கட்டட இடிபாடுகளைக் கொட்டும் பெரிய இரும்புத் தொட்டியைச் சாலையில் வைக்க, 1980ஆம் ஆண்டின் நெடுஞ்சாலைச் சட்டப்படி சாலை அதிகாரியின் அனுமதி பெற வேண்டும். இருட்டு நேரத்தில் அதற்கு விளக்கு இருக்க வேண்டும். சொந்தக்காரரின் பெயரும், அவருடைய முகவரி அல்லது தொலைபேசி எண்ணும் அதன்மேல் எழுதப்பட்டிருக்க வேண்டும். 1984ஆம் ஆண்டின் விதிகள் அதன் இரு முனைகளிலும் சிவப்பும் மஞ்சளுமாகச் சாய்கோடிட்ட பட்டைகளைக் கட்டாயமாக்கின. பெயர் எழுதும் ஏற்பாடு நமக்கு மிகவும் பிடித்திருக்கிறது. பெயர் எழுதிய பொருளை எவரும் அநாதையாக விட்டுப்போக மாட்டார்.

நம்மூரில் முதலில் பார்க்க வேண்டியது சாலை யாருடையது என்பது. 2011இல் திருவொற்றியூர், கத்திவாக்கம், மணலி நகராட்சிகள் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தன. ஆகவே ஒரே சாலையில் சிறிது தூரம் மாநகராட்சியிலும் சிறிது தூரம் ஊராட்சியிலுமாகப் போகிறோம். சாலையைப் பராமரிப்பதோ நெடுஞ்சாலைத் துறையாகவோ தேசிய நெடுஞ்சாலை ஆணையமாகவோ இருக்கும். அங்கே நிற்கும் டிரெய்லரை அகற்றும் அதிகாரம் ஊராட்சிக்கு இல்லை. காவல் நிலையத்திற்கு எழுத்து மூலம் தெரிவித்து நகலை வைத்துக்கொள்ளலாம். ஊராட்சிச் சாலையோ முழுவதும் நம் பொறுப்பு. 1994ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தில் 110ஆம் பிரிவு சாலை விளக்குகளையும் துப்புரவையும் ஊராட்சியின் கடமையாக்குகிறது. 131ஆம் பிரிவு பொதுச் சாலையில் தடைகள் வைப்பதை விலக்குகிறது.

நம் பக்கத்துக் குறையையும் மறைக்கலாகாது. அறுவடைக் காலத்தில் வைக்கோல் ஏற்றிய டிராக்டர் டிரெய்லரில் பின்விளக்கு எரிகிறதா? எரிந்தாலும் தொங்கும் வைக்கோல் அதை மூடிவிடுகிறது. நெல்லைச் சாலையில் காயவைத்து, இரவில் தார்ப்பாயால் மூடி, சுற்றிலும் கற்களை வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுகிறோம். காலையில் நெல்லை அள்ளுகிறோம். கற்கள் அங்கேயே கிடக்கின்றன. களத்துமேடு போதாத ஊர்களில் விவசாயி வேறென்ன செய்வார் என்று கேட்பது நியாயமே. ஆயினும் போர்வையின் நான்கு மூலைகளிலும் ஒளிப்பட்டை ஒட்டிய குச்சிகளை நட்டுவைக்க அதிகச் செலவாகாது.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. சுண்ணாம்பும் வெள்ளைச் சாயமும் இரவில் அவ்வளவாக உதவா. அவை விளக்கொளியை நாலா பக்கமும் சிதறடிக்கின்றன. ஒளிப்பட்டையிலுள்ள மிகச் சிறிய கண்ணாடி மணிகளோ பட்டகங்களோ ஒளியை வந்த வழியே ஓட்டுநரின் கண்ணுக்குத் திருப்பி அனுப்புகின்றன. அதனால் வெகுதூரத்திலேயே தெரிகிறது. ஆனால் எண்ணூர், அத்திப்பட்டுப் பகுதியில் அனல் மின் நிலையச் சாம்பலும் கடற்காற்றின் உப்பும் எதன்மேலும் படிந்துவிடும். தூசி மூடிய பட்டை பட்டையே இல்லாததற்குச் சமம். வாரம் ஒருமுறை ஈரத்துணியால் துடைக்க வேண்டும். போகி நாளின் புகைக்குப் பின் கட்டாயம் துடைக்க வேண்டும். தொட்டியைத் திருப்பத்திலும் சிறுபாலத்தின் வாயிலிலும் வைக்காமல், ஓரம் அகன்ற இடத்தில் வைத்து, வண்டிகள் வரும் திசையை நோக்கிய முகங்களில் பட்டை ஒட்டுவது நல்லது. விடியுமுன் தள்ளுவண்டியோடு சாலையில் இறங்கும் தூய்மைக் காவலருக்கும் அவ்வகைப் பட்டையிட்ட மேற்சட்டை வேண்டும்.

ஜனவரி 26ஆம் நாள் கிராம சபைக்கு முன்னர் ஓர் இரவு, உறுப்பினர்கள் இருவர் மூவராகச் சேர்ந்து மோட்டார் சைக்கிளில் விளக்கைத் தாழ்த்திக்கொண்டு ஊர்ச் சாலைகளை மெதுவாக ஒருமுறை சுற்றி வரலாம். எந்தப் பொருள் எத்தனை அடி தூரத்தில் கண்ணில் பட்டது, அதன் சொந்தக்காரர் யார் என்று ஒரு நோட்டில் குறித்துக்கொண்டு, அந்தக் குறிப்பைச் சபையில் படிக்கட்டும். முதல் வரியில் ஊராட்சியின் தொட்டியே இருந்தால் அதையும் விடாமல் படிக்கட்டும்.