நீரில் நின்றும் நீரற்ற பயிர்



2004-ஆம் ஆண்டு திசம்பர்த் திங்கள் 26-ஆம் நாள் நாகைக் கடற்கரையில் ஏறிய ஆழிப்பேரலை, மக்களுயிரைக் கவர்ந்ததோடு நில்லாது, கரையை அடுத்த நெல்வயல்களிலும் உவர்நீரை நிரப்பிச் சென்றது. வயலில் நீர் நின்றது. ஆயினும் பயிர் வாடியது. வேர் நீருள் மூழ்கியிருக்க, இலை நீர்வேட்கையாற் சுருண்டது. தண்ணீரில் நிற்கும் பயிர் காய்வானேன்? இவ்வினாவை உழவர் வீட்டுச் சிறுவன் ஒருவன் வகுப்பிலே எழுப்பினால் அவனுக்குக் கிடைக்கும் விடை என்ன? "அதன் பெயர் ஆசுமாசிசு, தேர்வில் வரும், உருப்போட்டுக்கொள்" என்பதே பல பள்ளிகளில் விடையாக இருக்கின்றது. வாடிய பயிரைக் கண்ட கண்ணுக்கும், உருப்போட்ட சொல்லுக்கும் இடையே பாலமில்லை. அப்பாலத்தைக் கட்டுவது எங்ஙனம் என்பதே இப்பொழிவின் பொருள்.

தஞ்சை மண்ணின் பிள்ளை வெறுங்கையோடு பள்ளிக்கு வருவதில்லை. விதைநெல் தேரும் முறையை அவன் வீட்டில் கண்டிருக்கின்றான். ஓர் ஏனத்து நீரில் கோழிமுட்டையை இட்டால் அது அமிழும். உப்பைச் சிறிது சிறிதாகக் கரைக்க, முட்டை மேலெழுந்து மிதக்கும். அந்நீரில் நெல்லைக் கொட்டினால் பதர் மிதக்கும். திரண்ட மணி அடியில் தங்கும். தங்கியதை எடுத்து, நல்ல நீரில் இரண்டு மூன்று முறை அலசிய பின்னரே ஊறப்போடுவர். அலசாது விட்டால் முளை தாழும். ஏன் தாழும் என்று பாட்டி சொல்லமாட்டாள். ஆனால் அலசாமல் விடவும் மாட்டாள். அறிவியல் ஆசிரியரின் பணி, பாட்டியின் கைக்குப் பின்னேயுள்ள கரணியத்தைப் பிள்ளைக்குக் காட்டுவதேயாகும்.

முதற்கண் பரவல். அசையா நீருள்ள கண்ணாடிக் குவளையில் துணிக்கிடும் நீலத்தில் ஒரு சொட்டு விடுக. எவரும் கலக்காமலேயே நீலம் மெல்ல மெல்ல விரிந்து, நெடுநேரத்திற்குப் பின் நீர் முழுதும் ஒரே நிறம் கொள்ளும். கூடத்தின் மூலையில் வைத்த மல்லிகை, வாயிலில் நிற்பவனுக்கும் மணப்பது இவ்வாறே. மூலக்கூறுகள் ஓயாது அலைபவை. ஒவ்வொன்றும் குறியின்றியே அலைகின்றது. நெருக்கமுள்ள இடத்திலிருந்து வெளியேறுவன மிகுதி, திரும்பி வருவன குறைவு. ஆதலின் நெருக்கம் குறைந்து எங்கும் ஒரு தன்மை ஏற்படுகின்றது. ஏற்பட்ட பின்னரும் அலைவு நிற்பதில்லை. போவதும் வருவதும் ஒத்துவிடுகின்றன, அவ்வளவே. வெந்நீரில் நீலம் விரைந்து பரவுவதையும் உடன் காட்டினால், வெம்மை மிக அலைவும் மிகும் என்பது பிள்ளைக்குத் தானே விளங்கும்.

அடுத்தது, சவ்வினூடே நீர் புகும் நிகழ்ச்சி. மடைவாயில் மூங்கில் தட்டியை நட்டால் நீர் செல்லும், மீன் செல்லாது. உயிர்க்கலத்தின் சவ்வும் அத்தகையது. நீரை எளிதில் விடும். உப்பு, சருக்கரை முதலியவற்றைத் தடையின்றி விடாது. ஆனால் ஓர் எச்சரிக்கை: மடையில் நீர் ஓடுவது பள்ளம் நோக்கி, சவ்வில் மேடு பள்ளம் இல்லை. கரைந்த பொருள் குறைந்து நீர் செறிந்துள்ள பக்கத்திலிருந்து, கரைந்த பொருள் மிகுந்த பக்கத்திற்கே நீர் மிகுதியாகக் கடக்கும். உவமையை எங்கே நிறுத்துவது என்றறியாத ஆசிரியர் உவமையாலேயே பிள்ளையை வழி தவறச் செய்வார்.

இதற்குப் பெருஞ்செலவிலான ஆய்வுக்கூடம் வேண்டா. உருளைக்கிழங்கிலிருந்து ஒரே அளவான இரு கீற்றுகள் அரிந்து, ஒன்றை வெறுநீரிலும் மற்றொன்றைக் கடுமையான உப்புநீரிலும் இடுக. ஒரு மணி நேரங் கழித்து எடுத்தால், முன்னது விறைத்து நிற்கும். பின்னது துவண்டு தொங்கும். முன்னதனுள் நீர் புகுந்தது. பின்னதிலிருந்து நீர் வெளியேறியது. நறுக்கிய வெள்ளரிப்பிஞ்சில் உப்பைத் தூவியவுடன் நீர் கசிவதும், சாடியிலிட்ட மாவடு சுருங்கித் தன் நீரிலேயே மிதப்பதும் இதுவே. வேகவைத்த கிழங்கோ வேறு. வெம்மையால் அதன் உயிர்ச்சவ்வு சிதைந்துவிடுதலின், அது உப்பையும் உள்ளே விட்டுவிடும். வெந்த கிழங்கில் உப்புச் சுவை ஏறுவதை அடுக்களையில் யார்தாம் அறியார்?

பிரெஞ்சு நாட்டு நோலே என்பார் 1748-இல் பன்றியின் நீர்ப்பையைக் கொண்டு இதனைக் கண்டார். ஆங்கிலத்தில் இன்று வழங்கும் பெயர் 1854-இல் தாமசு கிரகாம் என்னும் வேதியலாரால் அமைந்தது. அப்பெயரின் வேர் கிரேக்கச் சொல். 'தள்ளுதல்' என்பது அதன் பொருள். கலச்சவ்வில் நீருக்கெனவே தனி வாய்க்கால்கள் உள்ளன எனக் கண்டறிந்த பீட்டர் அக்ரிக்கு 2003-இல் நோபல் பரிசு கிடைத்தது. தட்டியும் மடையும் வெறும் உவமையல்ல. கலத்துள்ளும் மடை உண்டு!

இனிச் சொல்லுக்கு வருவோர் கவனிக்க. தமிழ்நாட்டுப் பாடநூல் 'சவ்வூடு பரவல்' என்கின்றது. ஆனால் 'செல்' என்பதை அப்படியே வைத்துக்கொள்கின்றது. ஈழத்துப் பாடநூல் 'கலம்' என்னும் அருந்தமிழ்ச் சொல்லை ஆள்கின்றது. ஆனால் 'பிரசாரணம்' என்னும் வடசொல்லையும் உடன் ஆள்கின்றது. இருசாராரும் ஒருவர் நற்சொல்லை ஒருவர் பெற்றுக்கொண்டால் குறை நீங்கும். பன்னிரண்டு மரக்கால் ஒரு கலம் என்று நெல்லளந்த தஞ்சைப் பிள்ளைக்கு, உட்பொருளைக் கொண்டு நிற்கும் கலம் என்ற சொல் எவ்வளவு பொருத்தம்!

ஆயினும் ஒன்று கூறியாக வேண்டும். தூய தமிழ்ச்சொல்லைக் கரும்பலகையில் எழுதிவிட்டதனாலேயே கடமை முடிந்ததென எண்ணும் ஆசிரியரும் உளர். 'சவ்வூடு பரவல்' என்ற சொல் நல்ல சொல். தன் பொருளைத் தானே பாதி சொல்லும் சொல். ஆனால் அதனைக் கேட்ட பிள்ளை, உப்புத்தான் சவ்வைக் கடந்து பரவுகின்றது எனப் பிறழ உணர்வதும் உண்டு. கடப்பது நீர் என்பதைக் கண்ணாற் காட்டாதவிடத்து, தமிழ்ச்சொல்லும் அயற்சொல்லைப் போலவே உருப்போடும் சுமையாகிவிடும். சொல் தமிழாதல் முதற்படி. கருத்துத் தமிழாதலே முடிந்த படி.

தமிழில் இவை இயலுமோ என ஐயுறுவார் மானிப்பாயை நினைக்க. அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன் அங்கே மருத்துவக் கல்வி முழுவதையும் 1864-ஆம் ஆண்டு முதல் தமிழில் கற்பித்தார், நூல்களையும் தமிழாக்கினார். கடல் கடந்து வந்தவருக்கு இயன்றது, காவிரிக் கரையில் பிறந்தவருக்கு இயலாதோ?

மீண்டும் நாகை வயலுக்கு வருக. கடல்நீர் ஒரு லிட்டரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு உண்டு. வேர்க்கலத்தின் உள்ளிருப்பதைவிட வெளியே உப்பு மிகுந்ததால் வேரால் நீர் கொள்ள இயலவில்லை; உள்ள நீரையும் இழந்தது. உழவர் செய்ததென்ன? வரப்பை உயர்த்தி நன்னீர் தேக்கினர். உப்பைக் கரைத்து வடித்தனர். தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுதனர். மழையும் துணை செய்தது. பாட்டி விதைநெல்லை அலசிய அதே செயலை, அவர்கள் வயல் முழுமைக்கும் செய்தனர்!

இவ்விடர் ஒருநாட் பேரலையோடு முடிந்ததன்று. ஆற்றில் நன்னீர் குன்றுந்தோறும் கடைமடை நிலத்தடியில் உவர் ஏறுகின்றது. அதனை எதிர்கொள்ள வேண்டியவர் இன்று ஏழாம் வகுப்பிலும் எட்டாம் வகுப்பிலும் அமர்ந்திருக்கும் பிள்ளைகளே. கலத்துள் நீர் புகும் முறையை அவர்கள் தாய்மொழியில் தெளிந்து கொண்டால் நிலத்தைக் காப்பர். உருப்போட்டு மறந்தால் நிலத்தையும் இழப்பர். ஆகவே ஆசிரியப் பெருமக்கள் நாளைக் காலை வகுப்பிற்குச் செல்லும்போது ஓர் உருளைக்கிழங்கும் ஒரு பிடி உப்பும் கொண்டு செல்க! அவற்றோடு நல்ல தமிழையும் கொண்டு செல்க!

வெல்க தமிழ்! விளைக தஞ்சை!