கேபிள் தெருவில் நின்ற அயலார்

(அக்டோபர் 4, ஞாயிறு காலை வானொலியில் ஆற்றிய மறையுரை)



அசிசி நகர்ப் புனித பிரான்சிஸை நினைவுகூரும் அக்டோபர் 4ஆம் நாளில் இன்னொரு நினைவையும் உங்கள் முன் வைக்க விரும்புகிறோம். 1936ஆம் ஆண்டிலும் இந்த நாள் ஞாயிற்றுக்கிழமையாகவே வந்தது. அன்று கிழக்கு இலண்டனில், துறைமுகத்தை ஒட்டிய கேபிள் தெருவில், ஐரிஷ் கத்தோலிக்கத் தொழிலாளர்களும் தாடி வைத்த யூதப் பெரியவர்களும் ஒரே தடுப்புக்குப் பின்னால் தோளோடு தோள் நின்றார்கள். பிற்காலத்தில் வரலாற்றாசிரியரான பில் ஃபிஷ்மன் அப்போது பதினைந்து வயதுச் சிறுவன். அந்தக் காட்சியைக் கண்டு கண் கலங்கியதை முதுமையிலும் சொல்லிக்கொண்டிருந்தார்.

நடந்தது இதுதான். சர் ஆஸ்வால்ட் மோஸ்லி என்ற பாசிசத் தலைவர், தம் கட்சியினரைக் கருஞ்சட்டைச் சீருடையில் அந்தப் பகுதி வழியே அணிவகுத்து நடத்தப்போவதாக அறிவித்தார். (நம் ஊரில் கருஞ்சட்டைக்குப் பொருள் வேறு, இது முசோலினியின் படையைப் பார்த்து உடுத்தியது.) அங்கே யூதர்கள் நெருக்கமாகக் குடியிருந்ததால்தான் அந்தத் தெருக்களைத் தேர்ந்தெடுத்தார். ஊர்வலத்தைத் தடைசெய்யக் கோரிப் பல்லாயிரம் பேர் கையெழுத்திட்டு மனுக் கொடுத்தார்கள். அரசு தடைசெய்யவில்லை; ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட காவலர்களை அனுப்பி ஊர்வலத்துக்கு வழி திறந்துவிடப் பார்த்தது. யூத சமூகத்தின் தலைவர்களும் தொழிற்கட்சித் தலைவர்களும் மக்களை வீட்டிலேயே இருக்கச் சொன்னார்கள். மேய்ப்பர்கள் தயங்கிய நாளில் ஆடுகளுக்கு வழி தெரிந்திருந்தது. மேய்ப்பர் வரிசையில் நிற்கும் நமக்கு இதைச் சொல்லக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது.

கத்தோலிக்கர்களுக்கோ வீட்டில் இருக்க இன்னும் வலுவான காரணம் இருந்தது. அந்த ஜூலையில் ஸ்பெயினில் உள்நாட்டுப் போர் மூண்டிருந்தது. குடியரசுப் பகுதிகளில் ஆலயங்கள் எரிந்தன. குருக்களும் துறவியரும் ஆயிரக்கணக்கில் கொல்லப்பட்டார்கள். கேபிள் தெருவில் எழுந்த ‘அவர்கள் கடந்துவர மாட்டார்கள்’ என்ற முழக்கம் அந்தக் குடியரசுத் தரப்பிலிருந்து, மாட்ரிட் நகரிலிருந்து வந்தது. அதைக் கேட்ட ஐரிஷ் மனிதனுக்கு எப்படி இருந்திருக்கும்? கத்தோலிக்கர் சிலர் மோஸ்லியின் பக்கமே சாய்ந்தார்கள் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

அப்படியிருந்தும் துறைமுகத் தொழிலாளர்கள் வந்தார்கள். ஏன் வந்தார்கள் என்று தேடினால் 1912க்குப் போக வேண்டியிருக்கிறது. அந்த ஆண்டு துறைமுக வேலைநிறுத்தம் நீண்டு, ஐரிஷ் வீடுகளில் அடுப்பு எரியவில்லை. அப்போதுதான் தங்கள் வேலைநிறுத்தத்தை முடித்திருந்த யூதத் தையல் தொழிலாளர்கள், முந்நூறுக்கும் மேற்பட்ட பிள்ளைகளைத் தங்கள் வீடுகளுக்கு அழைத்துக்கொண்டார்கள். அவர்களும் ஏழைகளே. நெருக்கமான அறைகளில் தம் பிள்ளைகளோடு படுக்கவைத்து, சோறு போட்டு, காலுக்குச் செருப்பும் வாங்கிக் கொடுத்தார்கள். ஞானஸ்நானம் பெற்ற பிள்ளையா என்று எவரும் கேட்கவில்லை.

1912இல் பத்து வயதுப் பிள்ளைக்கு 1936இல் முப்பத்துநான்கு வயது. மூட்டை தூக்கிப் பழகிய தோள்.

எனக்கு அடுத்திருப்பவர் யார் என்று திருச்சட்ட அறிஞர் இயேசுவிடம் கேட்டார். ஆண்டவர் பதிலாகச் சொன்ன கதையில் உதவி பெற்றவன் பிறகு என்ன செய்தான் என்பது இல்லை. எரிகோ சாலையில் அடிபட்டுக் கிடந்தவன் எழுந்து நடந்த பின், ஒரு நாள் அந்தச் சமாரியன் வீட்டுத் தெருவைக் கும்பல் ஒன்று சூழ்ந்துகொண்டால்? நாம் கேபிள் தெருவை அந்தக் கதையின் தொடர்ச்சியாகவே வாசிக்கிறோம்.

அன்று கவிழ்த்துப்போட்ட லாரி ஒன்று தடுப்பானது. பெண்கள் மாடி ஜன்னல்களிலிருந்து அழுகிய காய்களையும் கைக்குக் கிடைத்ததையும் கொட்டினார்கள். குதிரைப் போலீஸாரின் வழியில் சிறுவர்கள் கோலிக்குண்டுகளை உருட்டிவிட்டார்கள். உண்மையில் மோதல் நடந்தது காவலர்களோடுதான். பாசிசவாதிகள் அந்தத் தெருவுக்குள் வரவே இல்லை. சுமார் நூற்றைம்பது பேர் கைதானார்கள். கல்லெறிந்ததை, அதுவும் புனித பிரான்சிஸின் நாளில், நாம் புகழ முடியாது. ஆனால் அந்தக் கற்களை மட்டும் கணக்கெடுத்துவிட்டு, அந்த மக்கள் எதை மறித்து நின்றார்கள் என்பதைப் பேசாமல் விடுவதும் நேர்மையாகாது. பிற்பகலில் காவல் ஆணையர் சர் பிலிப் கேம், மோஸ்லியை மேற்கு நோக்கித் திரும்பிப் போகச் சொன்னார். அரசியல் சீருடைகளைத் தடைசெய்யும் சட்டம் 1937 சனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்தது.

கதை அங்கே முடியவில்லை. மறு ஞாயிறே மைல் எண்ட் சாலையில் யூதர் கடைகளின் கண்ணாடிகளை நொறுக்கினார்கள். ஓர் ஆளையும் ஒரு சிறுமியையும் கடைக் கண்ணாடி வழியே தூக்கி வீசினார்கள் என்று அந்நாளைய பதிவுகள் கூறுகின்றன. அடுத்த மார்ச் மாத நகராட்சித் தேர்தலில் மோஸ்லி கட்சிக்கு அப்பகுதிகளில் வாக்குகளும் விழுந்தன.

இன்று அத்தெருவின் பழைய நகர மன்றக் கட்டடத்தில், 1983இல் முடிக்கப்பட்ட பெரிய சுவரோவியம் அந்த ஞாயிற்றுக்கிழமையைக் காட்டி நிற்கிறது. இன்றைய திருப்பலியில் அத்தெருவில் நின்ற அனைவருக்காகவும், 1912இல் அந்தப் பிள்ளைகளுக்குச் சோறு போட்ட தாய்மாருக்காகவும், மைல் எண்ட் சாலையில் வீசப்பட்ட அந்தச் சிறுமிக்காகவும் செபிப்போம்.