சிறு விமானமும் பரிசோதனைத் தவணையும்



அமெரிக்க ஐக்கிய நாடுகளிற் சொந்தமாகச் சிறு விமானம் வைத்திருப்போர் பலர். நாள்தோறும் பறப்பினும், பெரும்பாலும் கொட்டகையிற் சும்மா கிடப்பினும், பறக்க வேண்டுமாயின் 12 மாதத்துக்கொரு முறை அதனை முழுமையாகப் பரிசோதித்தல் வேண்டும் என்பது அந்நாட்டின் பொது விதி. ஓடாத இயந்திரத்தையும் துரு தின்னுமன்றோ? மார்ச் 10ஆந் தேதி சோதிக்கப்பட்ட விமானம் மறு ஆண்டு மார்ச் 31 வரை பறக்கலாம்.

கூலிக்கு ஆளேற்றும் விமானத்துக்கோ 100 மணி நேரப் பறப்புக்கொரு சோதனையும் உண்டு. சோதனை செய்யும் இடத்தை நோக்கிச் செல்கையில் 10 மணி நேரம் வரை மிஞ்சலாம். மிஞ்சியது அடுத்த நூறிற் கழிக்கப்படும். ஆண்டுச் சோதனை இதற்கு ஈடாகும். இது அதற்கு ஈடாகாது. ஆண்டுச் சோதனையிற் கையொப்பமிடச் சிறப்பு அதிகாரம் வேண்டும்.

தவணை தவறாது பார்த்தல் உரிமையாளர் கடமை. பழுதுற்ற மோட்டாரைத் தெருவோரத்தில் நிறுத்தலாம். வானத்தில் ஓரம் ஏது?