பூட்டுக்கும் காசு கொடுங்க!

நடுவர் அவர்களே! எதிரணியில் அமர்ந்திருக்கிற அன்புச் சகோதரி அவர்களே! மீஞ்சூரிலிருந்தும் பொன்னேரியிலிருந்தும் பஸ் பிடித்து இந்தக் காட்டுப்பள்ளிக்கு வந்து, கடற்காற்றிலே உட்கார்ந்திருக்கிற பெரியோர்களே! தாய்மார்களே!

"மக்களின் நோய்க் குறிப்புகளை ஆராய்ச்சிக்குத் தருவதால் விளைவது நன்மையே, ஆபத்தே" என்பது தலைப்பு. நான் நன்மைக் கட்சி.

சகோதரி ஒரு போடு போட்டாங்க. "என் சுகர் எவ்வளவுன்னு என் டாக்டருக்குத் தெரிஞ்சா போதும், ஊருக்கு எதுக்கு?" எல்லாரும் கைதட்டினீங்க. நானும் தட்டினேன். ஏன்னா எங்க வீட்டு நிலைமை அப்படி. கல்யாணப் பந்தியிலே பாயசம் ஊற்ற ஒரு பையன் வர்றான். என் வீட்டம்மா அந்தக் கோடியிலிருந்து சத்தமா, "தம்பி, அவருக்கு இருநூற்று எண்பது! தாண்டிப் போ!"ன்னாங்க. (சிரிப்பு) பந்தியே திரும்பிப் பார்க்குது. என்னுடைய ரகசியம் காக்கப்படுகிற லட்சணம் இது! (சிரிப்பு, கைதட்டல்)

சிரிச்சோம். இப்போ சிரிக்க முடியாத ஒண்ணு சொல்றேன். என்னிடம் படித்த ஒரு பையன். இந்தப் பக்கம் ஒரு கம்பெனியிலே கான்ட்ராக்ட் வேலை. பையன் பேரும் வேண்டாம், கம்பெனி பேரும் வேண்டாம். விடாத இருமல். பரிசோதித்தால் காசநோய். ஒழுங்காக மாத்திரை சாப்பிட்டால் குணமாகிற நோய்தான். ஆனால் அவன் பக்கத்து ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. ரெண்டு பஸ் மாறி வேற ஊருக்குப் போய் மாத்திரை வாங்கினான். "ஏம்ப்பா?"ன்னு கேட்டேன். "ஐயா, சூப்பர்வைசருக்குத் தெரிஞ்சா கேட் பாஸைப் பிடுங்கிக்குவார். தங்கச்சிக்கு வரன் பார்த்துக்கிட்டிருக்கோம்"னான்.

நடுவர் அவர்களே! அந்தப் பயத்தை நான் கேலி செய்ய மாட்டேன். சகோதரி சொன்ன ஆபத்து உண்மை. 2022 நவம்பரில் டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் கணினிகளுக்குள்ளே திருட்டு நிரல் புகுந்து, நாட்கணக்கில் சீட்டைக் கையால் எழுதினார்களே, அதுவும் உண்மை. ஆனாலும் அந்தப் பையனுக்காகத்தான் நான் இந்தக் கட்சியிலே நிற்கிறேன்.

ஏன்? காசநோய்க் கிருமி எத்தனையோ பேர் உடம்பிலே அடங்கிக் கிடக்குது. சிலருக்கு மட்டும் ஏன் எழுந்து ஆடுது? தூசியா? புகையா? அரை வயிற்றுச் சாப்பாடா? ஒரே அறையில் எட்டுப் பேர் படுப்பதா? இந்த ஊரைப் பாருங்க. கடல்நீரைக் குடிநீராக்குகிற ஆலை 2010-இல் வந்தது. துறைமுகம் 2013-இல் வந்தது. பக்கத்திலே அனல்மின் நிலையம். 2023 டிசம்பர் வெள்ளத்திலே எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் படர்ந்தது. அதே மாதம் 26-ஆம் தேதி இரவு எண்ணூரில் அமோனியா கசிந்து, மக்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அன்றைக்கு ஓடியவர்களின் நுரையீரல் இன்றைக்கு எப்படி இருக்கு? ஒரு தாய் கேட்டால் யார் பதில் சொல்வது?

பதில் இருக்குங்க. நாலு பீரோவிலே துண்டு துண்டாக இருக்கு! இருமலுக்கு மருந்து வாங்கின குறிப்பு ஆரம்ப சுகாதார நிலையத்திலே. சேர்த்துக்கொண்ட குறிப்பு ஈ.எஸ்.ஐ. மருத்துவமனையிலே. காற்றின் கணக்கு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திலே. எத்தனை வருஷம் என்ன வேலை என்பது கம்பெனிப் பதிவேட்டிலே. நாலும் ஒண்ணையொண்ணு பார்த்ததே இல்லை.

நான் தமிழ் வாத்தியார். எனக்கு உடனே உ.வே.சாமிநாதையர்தான் ஞாபகத்துக்கு வருகிறார். 1887-இல் சீவக சிந்தாமணியை அச்சேற்றினார். ஒரே ஒரு சுவடியைப் பார்த்தா? பல ஊர்ச் சுவடிகளை ஒப்புநோக்கினார். இதிலே செல்லரித்த சொல் அதிலே முழுசாக இருந்தது. நோயும் அப்படித்தாங்க. ஒரு மருத்துவமனைச் சுவடியிலே பாதிதான் தெரியும். (கைதட்டல்)

இந்த மண்ணுக்கு இது புதுசும் இல்லை. 1968-இல் அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்திலே, திருவள்ளூர்ப் பக்கம் 209 கிராமங்களில் பி.சி.ஜி. தடுப்பூசி ஆய்வு தொடங்கியது. 3 லட்சத்து 60 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களைப் பதிவு செய்தார்கள். 15 ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள். பெரியவர்களுக்கு வருகிற நுரையீரல் காசநோயை அந்த ஊசி தடுக்கவில்லை என்று உலகத்துக்கே சொன்னது நம்ம ஊர்க் கணக்கு! பச்சைக் குழந்தைகளைக் கொடிய காசநோயிலிருந்து காக்கிறது என்பதால் இன்றைக்கும் பிறந்தவுடன் அதைப் போடுகிறோம், அதை விட்டுவிடாதீங்க. நான் சொல்வது, நம் பாட்டன் பாட்டி கையை நீட்டிக் கொடுத்த விவரம் உலகத்துக்கே பாடமானது.

"பேரை அழித்துவிட்டுக் கொடுத்தால் போதாதா?" என்று கேட்பீங்க. போதாது! "காட்டுப்பள்ளி, ஐம்பத்திரண்டு வயது, ரெண்டு படகு, நாலு பெண் குழந்தைகள்" என்று எழுதினால் பேர் எதுக்குங்க? டீக்கடையிலே வீட்டு நம்பரே சொல்லிடுவான். (சிரிப்பு)

அப்படியானால் வழி? ஏடு வீட்டைவிட்டு வெளியே வரக் கூடாது. கேள்விதான் ஏட்டைத் தேடிப் போகணும். குறிப்புகள் அந்தந்த இடத்துக் கணினியிலேயே பூட்டிய அறையிலே இருக்கும். பேருக்குப் பதில் ஒரு புதிர் எண். ஆராய்ச்சியாளர் அனுமதி வாங்கி, அந்த அறைகளுக்குத் தன் கேள்வியை அனுப்புவார். கேட்டது யார், என்ன கேட்டார் என்பதெல்லாம் பதிவாகும். வெளியே வருவது மொத்தக் கணக்கு மட்டும். ரெண்டே பேர், மூணே பேர் என்று ஆளைக் காட்டிக்கொடுக்கிற கணக்கு வந்தால், வாசலிலே இருப்பவர் தடுத்துவிடுவார். நெல் களஞ்சியத்திலேயே இருக்கு, எத்தனை மூட்டை என்கிற கணக்குதான் ஊருக்கு வருது.

கனவு இல்லைங்க. 2020-இல் கொரோனா நேரத்திலே இங்கிலாந்தில் ஓப்பன்சேஃப்லி என்ற ஏற்பாட்டில், ஒரு கோடியே 70 லட்சம் பேரின் குறிப்புகளை இருந்த இடத்திலேயே வைத்து ஆராய்ந்தார்கள். யாருக்கு உயிராபத்து அதிகம் என்று சில மாதங்களில் சொன்னார்கள். அதே இங்கிலாந்து அதற்கு முன்னே அடிபட்டதும் உண்டு. 2013-இல் கேர்.டேட்டா என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள். விவரம் யார் யார் கைக்குப் போகும் என்பதில் மக்களுக்கு நம்பிக்கை வரவில்லை. 2016-இல் மூடினார்கள். பிறகு டேர் யு.கே. என்ற திட்டத்திலே, இப்படிப்பட்ட பூட்டிய அறைகளை ஒன்றோடொன்று இணைப்பதற்கென்றே அரசாங்கப் பணம் தந்தார்கள்.

நமக்கும் ஆரம்பம் இருக்கு. 10,000 இந்தியர்களின் மரபணுத் தொகுப்பை பரிதாபாத்தில் சேமித்து, 2025 ஜனவரியில் விதிமுறையோடு ஆராய்ச்சியாளர்களுக்குத் திறந்தார்கள். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2017-இல் சொன்னது. 2023-இல் தனிநபர் தரவுச் சட்டம் வந்தது. ஆராய்ச்சிக்கு அதில் விலக்கு உண்டு. ஆனால் அந்த விவரத்தை வைத்துத் தனி ஒரு ஆள்மேலே முடிவெடுத்தால் விலக்கு கிடையாது. சூப்பர்வைசர் இதை ரெண்டு தடவை படிக்கணும்! (கைதட்டல்)

குறை எங்கே தெரியுமா? கல்யாணத்துக்குக் கணக்குப் போடுகிறோம். பந்தலுக்கு இவ்வளவு, மேளத்துக்கு இவ்வளவு. வாசலிலே செருப்பைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆளுக்குக் கணக்கு உண்டா? திரும்பி வரும்போது வெறுங்காலு! (சிரிப்பு) ஆராய்ச்சிப் பணமும் அப்படி ஆகிவிடக் கூடாது. கருவிக்குக் காசு, கருத்தரங்குக்குக் காசு, காவலுக்கு மட்டும் கையை விரிக்கிறதா? ஆகவே சொல்கிறேன்: பூட்டும், காவலும், அறைகளை இணைக்கிற பாதையும் ஆராய்ச்சிக்கு வெளியே இருக்கிற செலவு இல்லை. அதுதான் ஆராய்ச்சியின் முதல் செலவு. அந்தக் குழுவிலே இந்தக் குப்பத்து அம்மா ஒருவரும் உட்காரணும். காட்டுப்பள்ளிக் குறிப்பைக் கேட்டு வருகிறவரிடம் அவங்க கேட்கணும்: "தம்பி, பூட்டுக்கு எவ்வளவு ஒதுக்கியிருக்கே?"

அந்தப் பையன் குணமாகிவிட்டான். தங்கச்சிக்குக் கல்யாணமும் ஆகிவிட்டது. பந்தியிலே எனக்குப் பாயசம் வைத்தது அவன்தான், வீட்டம்மா அன்றைக்கு வரவில்லை! (சிரிப்பு) அவன் பேர் எந்த நாளும் வெளியே வரக் கூடாது. ஆனால் அவன் இருமல் சொல்கிற உண்மை வெளியே வரணும். இல்லையென்றால் அடுத்த தம்பியும் ரெண்டு பஸ் மாறி மாத்திரைக்குப் போவான்.

ஆபத்துக்குப் பயந்து ஏட்டைப் பரண்மேலே போட்டால் கரையான் தின்னும். காவல் போட்டுப் படித்தால் ஊர் பிழைக்கும். ஆகவே நன்மையே என்று நல்ல தீர்ப்பு வழங்குமாறு கேட்டு அமர்கிறேன். (பலத்த கைதட்டல்)