விஷத் தண்ணீரும் தெய்வ சாபமும்



இன்று நாம் சொல்லப் போவது வங்காளத்துக் கிணறுகளைப் பற்றியதாகும். வங்க தேசத்து ஜனங்கள் குளத்துத் தண்ணீரைக் குடித்து வாந்திபேதியால் மாண்டு வந்தபடியால், 1970-க்குப் பிறகு அங்கு லட்சக்கணக்கில் குழாய்க் கிணறுகள் இறக்கப்பட்டன. அத்தண்ணீர் தெளிவாயிருந்தது, நாற்றமில்லை, ருசியிலும் குற்றமில்லை. ஆனால் பூமிக்குள்ளிருந்த ஆர்செனிக் என்னும் பாஷாணம் பல கிணறுகளில் கலந்திருந்தது. பல வருஷம் குடித்தவர்களுக்கு உடம்பில் கரும்புள்ளிகளும், உள்ளங்கை உள்ளங்காலில் தடிப்பும், சிலருக்குப் புற்றுநோயும் கண்டன.

இதற்கு ஜனங்களில் பலர் சொன்ன காரணம் என்ன? தெய்வ சாபம் என்றார்கள்! தொட்டால் ஒட்டும் என்றார்கள்! அதனால் புருஷன் தள்ளி வைத்த பெண்கள் எத்தனை! கலியாணமில்லாமல் நின்ற பெண்கள் எத்தனை! 1983-ல் கல்கத்தாவில் டாக்டர் கே. சி. சாஹா என்னும் தோல் வைத்தியர் மேற்கு வங்காளத்து நோயாளிகளைச் சோதித்து, இது ஆர்செனிக்கின் வேலை என்று கண்டார். 1993-ல் வங்க தேசத்துக் கிணறுகளிலும் அவ்விஷம் இருப்பது தெரிந்தது. இதில் எந்தச் சாமி எங்கே வந்தது?

இனி, அவ்விஷத்தைக் கண்டறியும் ஒரு வழியைக் கேளுங்கள். நம் குடலில் வாழும் ஈ. கோலி என்னும் பாக்டீரியாவிடம் ஆர்செனிக்கை வெளியே தள்ளும் ஜீன்கள் உண்டு. விஷமில்லாத போது ஆர்ஸ்-ஆர் என்னும் புரதம் அந்த ஜீன்களின் வாசலை அடைத்துக் கொண்டிருக்கும். ஆர்செனிக் வந்து அப்புரதத்தைப் பற்றியதும் அது விலகி விடும். ஜீன் வேலை செய்யும். 2006-ல் எடின்பரோ சர்வகலாசாலை மாணவர்கள் இந்த வாசலையும் காவலையும் எடுத்து, அவற்றோடு பால் சர்க்கரையைச் சிதைக்கும் ஜீனைக் கோத்தார்கள். தண்ணீரில் விஷமிருந்தால் பாக்டீரியா சர்க்கரையைப் புளிக்க வைக்கும். புளிப்பினால் சாயம் நிறம் மாறும். அவ்வளவுதான் சங்கதி!

ஒரு லிட்டரில் 10 மைக்ரோகிராமுக்கு மேல் ஆர்செனிக் இருக்கலாகாது என்பது உலக சுகாதார ஸ்தாபனத்தின் யோசனை. அதாவது ஒரு கிராமை லட்சம் பங்காக்கி அதில் ஒரு பங்கு! எந்த ஞானதிருஷ்டிக்கு இது தெரியும்? ஆனால் இப்பாக்டீரியா விஷத்தைக் காட்டுமேயன்றி நீக்காது. மாற்றிய உயிராதலால், அது கிணற்றில் கலக்காதபடி அடைத்து வைத்தே சோதிக்க வேண்டும்.

“அக்கிணறுகளை இறக்கியவர்களும் படித்தவர்கள்தானே?” என்று சிலர் கேட்கலாம். வாஸ்தவம். கிருமியில்லாத தண்ணீர் என்பதைக் கண்டு, வேறு விஷமுண்டா என்று பாராமல் நம்பியதன் பலனே அது. ஆகவே தோழர்களே, சாமியார் சொன்னாலும், விஞ்ஞானி சொன்னாலும், நாமே சொன்னாலும், சோதித்துப் பார்த்தே ஒப்புக் கொள்ளுங்கள். கரும்புள்ளி கண்ட பெண்ணை வீட்டை விட்டுத் துரத்துவதற்கு முன், அவள் குடித்த தண்ணீரைச் சோதியுங்கள். இதுதான் பகுத்தறிவு, இதுதான் மனிதத்தன்மை.