இணையவழி ஏலமும் நம் வீட்டுப் பழம்பொருள்களும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இயலும் இசையும் நாடகமும் பொலியும் இவ்விழா மேடையில் காசு பணத்தைப் பற்றிப் பேசுவது பொருந்துமோ என்று சிலர் எண்ணக்கூடும். ஆயினும், சொந்த ஊரை விட்டுத் தொலைவில் வந்து குடியேறிய நம் குடும்பங்கள் மூட்டையோடு மூட்டையாகக் கொணர்ந்த பொருள்கள் சில உண்டு. பாட்டியின் குத்துவிளக்கு, தாத்தா முடிந்து வைத்த வெள்ளி ரூபாய், பூசை அறையின் தஞ்சாவூர்ப் படம், தபால்தலை ஒட்டிய பழைய ஆல்பம், எவரும் படிக்காத ஏட்டுச்சுவடி ஒன்றிரண்டு. இவற்றிற்கு இன்று இணையவழி ஏலங்களில் விலை கிடைக்கின்றது. பணியினின்று ஓய்வு பெற்ற பெரியோர் பலர் இத்தகைய பொருள்களை வாங்குவதையும் விற்பதையும் இனிய பொழுதுபோக்காகக் கொண்டுள்ளனர். பொருள் போகும் வழியிலேயே வஞ்சகமும் வருகின்றது. வாழ்நாள் சேமிப்பும், திரும்பப் பெற இயலாத குடும்பச் சொத்தும் ஒரே நாளில் கைவிட்டுப் போகக்கூடும். ஆதலின் அதனைத் தடுக்கும் வழிகளைச் சற்று ஆராய்வோம்.

நம் ஊர்களில் ஏலம் எவ்வாறு நடைபெற்றது? கோயில் தோப்பின் மாங்காயாயினும், ஏரியின் மீனாயினும், சாலையோரப் புளியமரத்தின் மகசூலாயினும், ஏலம் விடும் பொருள் கண்முன் இருந்தது. ஏலம் கேட்பவரின் முகத்தை அனைவரும் அறிந்திருந்தனர். ‘ஒரு தரம், இரண்டு தரம், மூன்று தரம்’ என்ற குரலுக்கு ஊரே சாட்சியாக நின்றது. பொருள், முகம், ஊர் என்னும் இம்மூன்றும் நம்மைக் காத்தன. இணையவழி ஏலத்தில் இம்மூன்றுமே மறைந்துவிடுகின்றன. பொருளுக்குப் பதிலாகப் படமும், முகத்திற்குப் பதிலாகப் புனைபெயரும், ஊருக்குப் பதிலாகத் தனியறையும் வந்துள்ளன. மறைந்துபோன மூன்றையும் நம் முயற்சியால் மீட்டுக்கொள்வதே பாதுகாப்பு. நாம் சொல்லக் கருதுவது இவ்வளவே. மற்றவை அதன் விளக்கம்.

முதலாவது, பொருள். படத்தைக் கண்டு மயங்காமல், கையில் எடுத்துப் பார்த்தால் எவற்றை அறிவோமோ அவற்றைக் கேட்டுப் பெறுதல் வேண்டும். நாணயமாயின் அதன் எடை, குறுக்களவு, விளிம்பின் படம் ஆகியவற்றைக் கேட்க வேண்டும். அன்றைய தேதியை ஒரு சீட்டில் எழுதிப் பொருளின் அருகில் வைத்துப் புதிதாகப் படம் எடுத்தனுப்புமாறு கோர வேண்டும். பிறர் பொருளின் படத்தைத் திருடி வைத்திருப்பவர் இவ்விடத்திலேயே சிக்கிக்கொள்வர்.

சிறிது வரலாற்றறிவும் பெருந்துணையாகும். ஆங்கிலேயர் காலத்து வெள்ளி ரூபாயின் எடை ஏறத்தாழ 11.66 கிராம். 1940-க்கு முன் அதில் பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி இருந்தது. 1940 முதல் 1945 வரை பாதியே வெள்ளி. 1946-லும் 1947-லும் வெளிவந்த ரூபாயோ நிக்கல். காந்தம் நிக்கலை இழுக்கும், வெள்ளியை இழுக்காது. எனவே ‘1947-ஆம் ஆண்டு வெள்ளி ரூபாய்’ என்று ஒருவர் விற்க வந்தால், அவர் அறியாதவராகவோ ஏமாற்றுபவராகவோதான் இருத்தல் வேண்டும்.

ஒரு பக்கம் அனுமனோ இராமர் பட்டாபிஷேகமோ, மறுபக்கம் ‘ஈஸ்ட் இந்தியா கம்பெனி, அரை அணா, 1818’ என்றோ ‘1616’ என்றோ பொறித்த செப்புக் காசுகளைப் பலர் கண்டிருப்பீர்கள். 1616-இல் முகலாயப் பேரரசை ஆண்டவர் ஜஹாங்கீர். கம்பெனியாரோ வாணிகம் செய்ய இடம் வேண்டி நின்றவர்கள். நாடு முழுமைக்கும் ஒரே வகை நாணயத்தைக் கம்பெனி கொண்டுவந்தது 1835-இல்தான். இராமரையும் அனுமனையும் பொறித்த இக்காசுகளை நாணயவியலார் கம்பெனியின் நாணயங்களாக ஏற்பதில்லை. இத்தகைய காசோ செம்போ அரிசியை இழுக்கும் என்றும், அதில் ‘இரிடியம்’ உள்ளது என்றும், கோடிக்கணக்கில் விலைபோகும் என்றும் சொல்லி, ‘சோதனைக் கட்டணம்’ என்ற பெயரில் இலட்சக்கணக்கில் பறிக்கும் ‘ரைஸ் புல்லிங்’ மோசடி தமிழகத்திலும் வடநாட்டிலும் பன்முறை வழக்காகியுள்ளது. செம்பு அரிசியை இழுக்காது. பேராசை பெருநஷ்டம் என்ற பழமொழிக்கு இதனினும் பொருத்தமான சான்று வேண்டுவதில்லை.

தபால்தலையிலும் இவ்வாறே. 1948 ஆகஸ்டு 15-இல் வெளியான காந்தியடிகள் தபால்தலைகளுள் 10 ரூபாய்த் தலையின்மேல் ‘சர்வீஸ்’ என்ற சொல் பதித்தவை, கவர்னர்-ஜெனரலின் அலுவலகத்திற்கென அச்சிடப்பட்ட மிகச் சிலவே. அவற்றுள் நான்கு சேர்ந்த ஒரு வரிசை 2017-இல் இங்கிலாந்தில் 5 இலட்சம் பவுனுக்கு விற்றது. சாதாரணத் தலைக்கும் அரிய தலைக்கும் உள்ள வேறுபாடு ஒரே சொல்லாயின், அச்சொல்லைப் போலியாகப் பதிக்க ஆசை எழாதிருக்குமா? இத்தகையவற்றை நிபுணர் சான்றின்றி வாங்கலாகாது. அச்சான்றையும், அதனை வழங்கிய அமைப்பிடமே எண்ணைக் குறிப்பிட்டுக் கேட்டுச் சரிபார்த்தல் வேண்டும். கையெழுத்திட்ட பொருள்களின் நிலை இன்னும் மோசம். அமெரிக்காவில் 1990-களில் போலிக் கையெழுத்துக் கும்பல் ஒன்றைக் காவலர் பிடித்தபோது, அன்னை தெரசாவின் கையெழுத்திட்டதாகச் சொல்லப்பட்ட பேஸ்பால் பந்தும் அகப்பட்டது!

இரண்டாவது, முகம். ஈபே என்னும் ஏலத்தளம் 1995-இல் கலிபோர்னியாவில் தோன்றியது. முன்பின் அறியாதவர்கள் ஒருவரையொருவர் நம்புவதற்கென, வாங்கியவரும் விற்றவரும் ஒருவரைப்பற்றி மற்றவர் கருத்தெழுதும் முறையை அத்தளம் அடுத்த ஆண்டே ஏற்படுத்தியது. நல்ல முறைதான். ஆனால் பத்து ரூபாய்ப் பொருள்களை நூறு பேருக்கு ஒழுங்காக விற்று நற்பெயர் ஈட்டிவிட்டு, ஆயிரக்கணக்கில் விலையுள்ள ஒரு பொருளில் கைவரிசை காட்டுவோரும் உளர். எனவே எத்தனை பேர் புகழ்ந்துள்ளனர் என்று மட்டும் பாராமல், எப்பொருளுக்காக, எத்தனை காலமாகப் புகழ்ந்துள்ளனர் என்றும் பார்த்தல் வேண்டும்.

போட்டியாளரும் பொய்யாளராக இருக்கலாம். 2000-ஆம் ஆண்டு மே மாதம் கலிபோர்னிய வழக்கறிஞர் ஒருவர் ஓவியம் ஒன்றை ஈபேயில் ஏலத்திற்கு வைத்தார். தாம் கலையறிவு இல்லாதவர் போலவும், வீட்டில் கிடந்த பழைய படத்தை விற்பவர் போலவும் எழுதினார். புகழ்பெற்ற ஓவியர் ஒருவரின் முதலெழுத்துகள் மட்டும் படத்தின் மூலையில் தெரிந்தன. மிகக் குறைந்த விலையில் தொடங்கிய ஏலம் 1,35,805 டாலர் வரை ஏறியது. பின்னர்தான், விற்றவரே வேறு பெயரில் விலை கேட்டது வெளிப்பட்டது. விற்பனையைத் தளம் விலக்கியது. 2001-இல் மூவர் மீது வழக்கு வந்தது. அவர்கள் பல புனைபெயர்களில் ஒருவர் பொருளுக்கு மற்றவர் விலை ஏற்றி வந்தனர். இவ்வகை ஏலத்தில் நம்மைக் காப்பது ஒன்றே: இதற்கு மேல் ஒரு ரூபாயும் இல்லை என்ற எல்லையை ஏலம் தொடங்குமுன் தாளில் எழுதிவைத்து, அதனைத் தாண்டாதிருத்தல். ஆற்றில் போட்டாலும் அளந்து போடச் சொன்னவர்கள் நம் முன்னோர்.

ஏலத்தில் தோற்ற மறுநாள், ‘வென்றவர் விலகிவிட்டார், பொருளை உமக்கே தருகின்றோம், பணத்தை நேரே எம் கணக்கிற்கு அனுப்புக’ என்று மடல் வந்தால், தளத்தினுள் அச்செய்தி உள்ளதா என்று பாருங்கள். இல்லையாயின் அது வலை. தளத்திற்கு வெளியே அழைப்பவர் தளத்தின் பாதுகாப்பிற்கு வெளியே அழைக்கின்றார் என்பதே பொருள்.

மூன்றாவது, பணம். இதில் விற்பவர்களுக்கே இடர் மிகுதி. பெரியவர் ஒருவர் பழைய விளக்கை விற்க விளம்பரம் செய்கின்றார். பேரம் பேசாமலே ஒருவர் ஒப்புக்கொள்கின்றார். தாம் இராணுவ அதிகாரி என்று கூறி அடையாள அட்டையின் படத்தையும் அனுப்புகின்றார். பின்னர், ‘பணம் அனுப்பியுள்ளேன், இந்த க்யூஆர் கோடை ஸ்கேன் செய்து உங்கள் ரகசிய எண்ணைத் தட்டினால் வந்து சேரும்’ என்கின்றார். தட்டியவுடன் பணம் வருவதில்லை, போகின்றது. தாய்மார்களும் இதனை மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும்: யூபிஐ முறையில் ரகசிய எண் பணம் கொடுப்பதற்கு வேண்டும், பெறுவதற்கு ஒருபோதும் வேண்டுவதில்லை. ‘தவறுதலாகக் கூடுதல் பணம் அனுப்பிவிட்டேன், திருப்பியனுப்புங்கள்’ என்று எவரேனும் பதறினால், குறுஞ்செய்தியை நம்பாமல் வங்கிக் கணக்கைத் திறந்து பாருங்கள்.

பழைய ஐந்து ரூபாய்க் காசுக்கும், 786 என்று முடியும் நோட்டுக்கும் பல இலட்சம் தருவதாகவும், அதற்கு முன் வரியும் கட்டணமும் கட்ட வேண்டும் என்றும் சொல்லும் விளம்பரங்களைக் காண்கின்றோம். ரிசர்வ் வங்கியின் பெயரும் முத்திரையும் அவற்றில் இருக்கும். அவ்வங்கி 2021 ஆகஸ்டில் வெளியிட்ட அறிவிப்பில், இத்தகைய வாணிகத்தில் தான் ஈடுபடுவதில்லை என்றும், அதற்கெனக் கட்டணமோ கமிஷனோ கேட்பதில்லை என்றும், தன் சார்பில் வசூலிக்க எவருக்கும் அதிகாரம் தரவில்லை என்றும் தெளிவாக்கியுள்ளது. விலை கொடுக்க வருபவர் முதலில் நம்மிடமே பணம் கேட்பது எவ்வகை வாணிகம்?

பொருளை அனுப்புமுன் அதன் கீறல், வடு முதலியவற்றைப் படமெடுத்து வைப்பதும், கட்டுவதை வீடியோவாகப் பதிவு செய்வதும், காப்பீட்டுடன் அனுப்புவதும் நன்று. மெய்யானதை வைத்துக்கொண்டு போலியைத் திருப்பியனுப்பும் வாங்குவோரும் உண்டு.

சட்டத்தையும் மறத்தலாகாது. 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள், கலைச்செல்வச் சட்டப்படி, 100 ஆண்டுக்குக் குறையாத சிற்பம், ஓவியம், நாணயம் முதலியனவும், வரலாற்று அல்லது இலக்கிய மதிப்புடைய 75 ஆண்டுச் சுவடிகளும் தொல்பொருள்களாம். தனியார் எவரும் அவற்றை வெளிநாட்டிற்கு அனுப்புதல் குற்றம். அவற்றை வாணிகமாக விற்க உரிமம் வேண்டும். வெளிநாட்டவர் ஒருவர் ஏலத்தில் கேட்டுவிட்டார் என்பதற்காகப் பாட்டனாரின் சுவடியைத் தபாலில் சேர்த்துவிடக் கூடாது. சான்றுத் தாள் உள்ளது என்பதும் போதாது. அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோயிலின் நடராசர் திருமேனியை, சட்டம் வருமுன்பே நாட்டை விட்டுச் சென்றதாகக் காட்டிய பொய்ச் சான்றுகளை நம்பி, ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் 2008-இல் 50 இலட்சம் டாலருக்கு மேல் கொடுத்து வாங்கியது. 2014-இல் அத்திருமேனி இந்தியாவிற்குத் திரும்பியது. அறிஞர் நிறைந்த நிறுவனமே ஏமாறுமாயின், நாம் எச்சரிக்கையாயிருப்பதில் இழிவு யாது?

நம் மொழியில் காசுக்கும் நேர்மைக்கும் ‘நாணயம்’ என்பது ஒன்றே சொல். ஏமாறாதிருப்பது பாதிக் கடமை. ஏமாற்றாதிருப்பது மறு பாதி. ‘இருநூறு ஆண்டுப் படம்’ என்று அண்டைவீட்டார் சொன்னதைக் கேட்டு அவ்வாறே எழுதிவிடலாகாது. ‘எங்கள் பாட்டியிடமிருந்து வந்தது, வயது எங்களுக்குத் தெரியாது’ என்று எழுதுவதே முறை. விலை சற்றுக் குறையலாம். தமிழர் சொல்லுக்குள்ள மதிப்புக் குறையாது.

இறுதியாக, மறைந்துபோன ஊரைப் பற்றி. வஞ்சகர் விரும்புவது இரண்டு: நம் அவசரமும் நம் தனிமையும். ‘இன்றைக்குள் முடிக்க வேண்டும்’, ‘எவரிடமும் சொல்ல வேண்டா’ என்ற இரு சொற்களையும் கேட்டவுடன் விலகிவிடுங்கள். ஏமாந்தபின் பலர் வாய்திறப்பதில்லை. பிள்ளைகள் ஏசுவர், காலனியார் நகைப்பர் என்று நாணுகின்றனர். அம்மௌனமே வஞ்சகரின் அடுத்த முதலீடு. பணம் போனதும் 1930 என்ற தேசிய உதவி எண்ணைத் தாமதமின்றி அழைக்க வேண்டும். மைய அரசின் இணையக் குற்றப் புகார்த் தளத்திலும் முறையிடலாம். பணம் வேறு கணக்குகளுக்குச் சிதறுமுன் வங்கிகள் அதனை நிறுத்திவைக்க அது வழிசெய்யும். நாழிகைக் கணக்கில் வெற்றி தோல்வி உள்ளது. ஆதலின் ஏமாந்தவரை ஏசாமல், முதலில் தொலைபேசியை அவர் கையில் கொடுங்கள்.

நம் சங்கத்து நூலக அறையில் ஞாயிறு தோறும் நாலு பேர் கூடுகின்றோம். பெரிய தொகைக்குப் பழம்பொருள் வாங்கவோ விற்கவோ எண்ணுபவர்கள், அதற்கு முன் அங்கு வந்து ஒரு முறை சொல்லுங்கள். வங்கிப் பணியில் இருந்தோரும், தபால்தலை சேர்ப்போரும், கணினி அறிந்த இளைஞரும் நம்மிடையே உள்ளனர். விட்டு வந்த ஊரின் சாட்சியை இங்கு நாமே ஒருவருக்கொருவர் ஆகலாம். ஒரு வாரம் காத்திருந்தால் நல்ல பொருள் ஒன்று தவறிப்போகலாம். வாழ்நாள் சேமிப்பு தவறிப்போகாது.