எந்தப் பிரிவில் சார்ஜ் என்று கேளுங்கள்



ஒரு பையன் போதையில் இருக்கிறான். லைசென்ஸ் இல்லாத துப்பாக்கியைக் கூட்டாளிக்குக் காட்டுகிறான். வெடித்துக் கூட்டாளி செத்துப்போகிறான். "தூக்குதான்" என்பார் ஒருவர். "தெரியாமல் நடந்தது, ரெண்டு வருசம்தான்" என்பார் இன்னொருவர். பிரிவு எது என்று தெரியாமல் இருவரும் பேசுகிறார்கள்.

கவனக்குறைவால் மரணம் என்றால் குற்றவியல் சட்டம் 304ஏ. அதிகபட்சம் 2 ஆண்டு சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். உயிர் போகலாம் என்று தெரிந்தே செய்தான் என்றால் 304, 10 ஆண்டு வரை. எண்ணமும் இருந்து, ஆனால் கொலை என்ற அளவுக்குப் போகவில்லை என்றால் அதே 304இல் 30 ஆண்டு வரை. கொலை என்றால் 302. அதற்கு முன்பு தூக்கு மட்டுமே. 2023 ஜூலையிலிருந்து தூக்கு, இல்லாவிட்டால் 30 முதல் 40 ஆண்டு சிறையும் குறைந்தது 12 பிரம்படியும்.

செத்தது ஓர் உயிர். சுட்டது ஒரு தோட்டா. பிரிவு மாறினால் பையனின் வாழ்க்கையே மாறுகிறது.

"போதையில் இருந்தான் ஐயா, மன்னிச்சிடுங்க" என்று பெற்றோர் அழுவதை நீதிமன்றத்தில் அடிக்கடி பார்க்கிறேன். 304ஏ வழக்கில் இது உதவாது. போதையோடு துப்பாக்கியைத் தொட்டதுதானே கவனக்குறைவு! ஆனால் 302இல் கதை வேறு. கொல்லும் எண்ணம் அவனுக்கு இருந்ததா என்று பார்க்கும்போது போதையையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்று 86ஆவது பிரிவு சொல்கிறது. போதைப்பொருளும் அதில் அடங்கும். எனவே எதைச் சொல்வது, எப்போது சொல்வது என்பதை வழக்கறிஞரிடம் விடுங்கள். வழக்கறிஞரைப் பார்க்கும் உரிமையை அரசியலமைப்பின் 5ஆவது விதியே தருகிறது.

"ரெண்டு வருசம்தானே, ஒப்புக்கொள்" என்று யாராவது சொன்னால் அவசரப்படாதீர்கள். லைசென்ஸ் இல்லாத துப்பாக்கிக்குத் தனி சார்ஜ் வரும். 1971ஆம் ஆண்டு சுடும் ஆயுதச் சட்டத்தில் அதற்கு 14 ஆண்டு வரை சிறை, குறைந்தது 6 பிரம்படி. ஆமாம், கவனக்குறைவால் ஆளைச் சாகடித்ததை விடத் துப்பாக்கியை வைத்திருந்ததற்குத் தண்டனை அதிகம்! சிறுநீர் சோதனையில் போதை தெரிந்தால் இன்னொரு சார்ஜ். தண்டனைகள் ஒன்றாக ஓடுமா, ஒன்றன்பின் ஒன்றாகவா என்பதையும் நீதிபதி முடிவு செய்வார்.

சட்டத்தில் 30 ஆண்டு என்று எழுதியிருப்பதாலேயே 30 ஆண்டு கிடைத்துவிடாது. 2010இல் ஷா ஆலாமில் 14 வயதுப் பள்ளி மாணவன் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இறந்தான். சுட்ட போலீஸ்காரர் மீது 304இன் கடுமையான பகுதியில்தான் வழக்கு. 2011இல் செஷன்ஸ் நீதிமன்றம் 5 ஆண்டு சிறை விதித்தது. 2012இல் உயர் நீதிமன்றம் விடுதலை செய்துவிட்டது. நம் பையன்கள் கூண்டில் நிற்கும்போது இந்தக் கணக்கை நான் மறப்பதில்லை.

இறந்த கூட்டாளிக்கும் ஓர் அம்மா இருக்கிறார். பெரும்பாலும் அதே பிளாட்தான். அந்த அம்மாவுக்கும் சொல்கிறேன்: தண்டனை விதிக்கும் முன் இந்தச் சாவு உங்கள் குடும்பத்தை என்ன செய்தது என்று நீதிபதியிடம் நேரில் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. அது குற்றவியல் நடைமுறைச் சட்டம் 183ஏ. கேட்டால்தான் கூப்பிடுவார்கள். தீர்ப்பு நாளுக்கு முன்பே அரசுத் தரப்பு வழக்கறிஞரிடம் சொல்லி வையுங்கள்.